2, 3 போடாமல் விட்ட முப்பது லட்சம் வோட்டும் ஜனாதிபதித் தேர்தல் முறையை மாத்திற கதையும்

கொக்குவில் வடலி:

கனநாளா எழுதோணும் எண்டு நினைச்ச விசயம், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசியுங்கோ.

இப்ப ஆரைக் கேட்டாலும் நிறைவேற்று ஜனாதிபதி முறை, அதுதான் ஆட்சி அதிகாரம் ஜனாதிபதியின்ர கையில இருக்கிற முறை, போகுமோ போகாதோ எண்டுதான் கதை. போனால் எனக்கும் சந்தோசம். ஆனா 1994ல சந்திரிகா அம்மையார் ஒழிக்கிறன் எண்டு சொல்லி வோட்டுக் கேட்டதில இருந்து ஒவ்வொருத்தரும் சொல்லிக்கொண்டுதான் வந்தவை, 2015லயும் சொன்னவை, 2024லயும் சொன்னவை. அது போகுமட்டும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா நாங்கள் வரிசையில நிண்டு வோட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கப்போறம். அப்ப அந்த ஆளைத் தெரிவு செய்யிற முறை சரியோ எண்டு பாக்கிறது அதைவிட அவசரம் எண்டு நான் நினைக்கிறன்.

எங்கட இலங்கை அரசியலமைப்பில என்ன இருக்குது? சீட்டில 1, 2, 3 எண்டு விருப்ப வரிசையில மூண்டு பேருக்கு இலக்கம் எழுதலாம். செல்லுபடியான வோட்டில பாதிக்கு மேல எடுத்தால் வெற்றி. ஒருத்தரும் எடுக்காட்டி முதல் ரெண்டு பேரை மட்டும் வைச்சுக்கொண்டு மிச்ச எல்லாரையும் ஒரேயடியா வெளியால விட்டுட்டு, அந்த வெளியால போனவைக்கு விழுந்த சீட்டுகளில 2 ஆருக்கு, அது இல்லாட்டி 3 ஆருக்கு எண்டு பாத்துக் கூட்டுவினம். 1982ல இருந்து 2019 வரைக்கும் எட்டுத் தேர்தல், ஒண்டிலயும் அது தேவைப்படேல்லை. 2024ல தான் முதல் தரம் தேவைப்பட்டது.

கணக்கைப் பாருங்கோ. 2024ல வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில 5,634,915, அது 42.31 வீதம். ரெண்டாவதா வந்த சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035, அது 32.76 வீதம். மிச்ச எல்லாருக்கும் சேர்த்து விழுந்தது 33 லட்சத்து 21 ஆயிரம். இந்த 33 லட்சத்தில 2, 3 பாத்து அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. ரெண்டையும் கூட்டினாலும் 273,131 தான். நூறு பேரில எட்டுப் பேரின்ர சீட்டுத்தான் ரெண்டாவது எண்ணிக்கையில ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தது. முப்பது லட்சத்துக்கு மேல சீட்டு அப்பிடியே கட்டி வைச்சாச்சு.

கடைசியா அறிவிச்சது 55.89 வீதம். அது அந்த ரெண்டு பேருக்கும் மிஞ்சின வோட்டுக்குள்ள எடுத்த வீதம். முழுச் செல்லுபடியான வோட்டில பாத்தால் 43 வீதம் தான். அவர் நல்லவரோ கெட்டவரோ எண்ட கதைக்கு நான் வரேல்லை, சட்டப்படிதான் வென்றவர், அதில கேள்வியே இல்லை. பாதிக்கு மேல எண்ட அத்திவாரத்தில கட்டின ஒரு முறை, முதல் தரம் சோதிச்சுப் பாக்கிற நேரம் பாதியைத் தொடேல்லை, அதைத்தான் சொல்லுறன். முறையை மாத்தவேணும். எப்பிடி மாத்திறது எண்டதில உங்கட யோசனையளைச் சொல்லுங்கோ.

நாவற்குழிப் பெடியன்:

வடலி அண்ணை, கணக்கு வடிவா இருக்குது, ஆனா நோய் வேற இடத்தில எண்டு நான் நினைக்கிறன். ஒரு ஆளுக்கு இவ்வளவு அதிகாரத்தைக் குடுத்துப்போட்டு அந்த ஆளை எப்பிடி நுணுக்கமாத் தெரிவு செய்யிறது எண்டு யோசிக்கிறதில என்ன பிரயோசனம். 1972ல இருந்து 78 வரைக்கும் கோபல்லாவ ஜனாதிபதியா இருந்தவர், சனம் வோட்டுப் போட்டா வந்தவர்? இல்லையே. பேருக்கு ஒரு தலைவர், அதிகாரம் பாராளுமன்றத்தில. அதுக்குத் திரும்பிப் போவம். இந்தியாவில எம்பிமாரும் மாநில எம்எல்ஏமாரும் சேந்து தெரிவு செய்யினம், அங்கயும் 1, 2 எண்டு எழுதிற முறைதான், 1969ல வி.வி.கிரி ரெண்டாம் விருப்பு எண்ணித்தான் வென்றவர்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

தம்பி, பாராளுமன்றம் தெரிவு செய்தால் என்ன நடக்கும் எண்டு 2022 ஜூலை 20ல, கோட்டாபய விலகின பிறகு, பாத்தனாங்கள் எல்லே. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. அந்த மூண்டு வோட்டுக்காரருக்கு நாட்டில என்ன ஆதரவு இருந்தது எண்டது ரெண்டு வருசத்தால தெரிஞ்சுது. பேருக்கு மட்டும் இருக்கிற ஜனாதிபதி எண்டால் பாராளுமன்றம் தெரிவு செய்யட்டும், நான் ஓம் எண்டு சொல்லுவன். அதிகாரமுள்ள ஜனாதிபதி எண்டால் சனம்தான் தெரிவு செய்யோணும், அதில நான் இறங்கி வரமாட்டன்.

வடலி கேட்ட கேள்விக்கு வாறன். கனவருசம் தேர்தல் கடமைக்குப் போனவள் நான், வாக்களிப்பு நிலையத்துக்குள்ள நடக்கிறதைச் சொன்னால்தான் ஏன் 2, 3 விழேல்லை எண்டு விளங்கும்.

2024 தேர்தலில 38 பேர் போட்டி. சீட்டில மூண்டு மொழியிலயும் பேர், பக்கத்தில சின்னம், அதுக்குப் பக்கத்தில பெட்டி. ஒரு முழத்துக்கும் கூட நீளம், அதை மடிக்கவே வயசு போன ஆக்களுக்குக் கஸ்டம். மறைப்புக்குப் பின்னால போய்ச் சீட்டை விரிச்சால் பாதி மேசைக்குக் கீழ தொங்கும், மேல ஒரு கை கீழ ஒரு கை எண்டு பிடிச்சுக்கொண்டு சின்னத்தைத் தேடவேணும். ஒரு அம்மா உள்ளுக்கை போய்க் கனநேரம் நிண்டுட்டு திரும்பி வந்து "பிள்ளை, ஒண்டுக்குப் போட்டால் காணுமோ, மூண்டுக்கும் போடோணுமோ, மூண்டு போட்டால் பழுதாப் போகுமோ" எண்டு கேட்டவ. அந்த இடத்தில நாங்கள் என்ன சொல்லேலும்? சுவரில ஒட்டின விளக்கத்தைக் காட்டலாம், அவ்வளவுதான். முகவர்மார் சுத்திவர இருக்கினம், ஒரு சொல்லுக் கூடச் சொன்னால் முறைப்பாடு.

இன்னொண்டு. பாராளுமன்றத் தேர்தலிலயும் விருப்பு வாக்கு எண்டு ஒண்டு இருக்குது. அங்க கட்சிக்குப் புள்ளடி போட்டுட்டு, அதே கட்சியின்ர ஆக்களின்ர இலக்கத்தில மூண்டு பேருக்குப் புள்ளடி போடுறது. ஜனாதிபதித் தேர்தலில விருப்பு எண்டால் வேற வேற ஆக்களுக்கு 1, 2, 3 எண்டு இலக்கம் எழுதிறது. ரெண்டுக்கும் ஒரே பேரை வைச்சால் சனம் குழம்பாமல் என்ன செய்யும். "வேற கட்சிக்காரனுக்கு 2 போட்டால் என்ர ஆளின்ர வோட்டுக் குறையும்" எண்டு படிச்ச ஆக்களே என்னோட வாதாடினவை. குறையாது! 2 எண்டது உங்கட முதல் ஆள் வெளியால போனால் மட்டும்தான் பாக்கிறது, அதை ஒருத்தரும் வடிவாச் சொல்லிக் குடுக்கேல்லை.

லாச்சப்பல் சிவன்:

பாரிஸில இருந்து எழுதிறன், ஊர் அளவெட்டி. இஞ்சத்தை முறையைச் சொல்லுறன், நல்லதோ கெட்டதோ நீங்களே பாருங்கோ.

இஞ்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று. ஒருத்தரும் பாதியைத் தாண்டாட்டி ரெண்டு கிழமையால இன்னொரு ஞாயிறு ரெண்டாஞ்சுற்று, முதல் ரெண்டு பேர் மட்டும். 1962ல டி கோல் சர்வஜன வாக்கெடுப்பு வைச்சுக் கொண்டுவந்தவர், 1965ல இருந்து நடக்குது. இண்டுவரைக்கும் முதல் சுற்றிலயே வென்ற ஆள் ஒருத்தரும் இல்லை. சீட்டும் உங்கட மாதிரி நீளமில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சின்னக் கடதாசி மேசையில அடுக்கியிருக்கும், ரெண்டு மூண்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால போய் ஒண்டை மட்டும் கடித உறைக்குள்ள வைச்சுக்கொண்டு வந்து கண்ணாடி மாதிரி உள்ளுக்கை தெரியிற பெட்டிக்குள்ள போடவேணும், போட்டவுடனை அங்க நிக்கிறவர் "வாக்களிச்சாச்சு" எண்டு சத்தமாச் சொல்லுவார். புள்ளடியும் இல்லை இலக்கமும் இல்லை, பேனையே தேவையில்லை.

ரெண்டு சுற்று வைச்சால் ரீச்சர் சொன்ன குழப்பம் ஒண்டும் வராது. ஆர் அந்த ரெண்டு பேர் எண்டு முழு நாட்டுக்கும் தெரிஞ்ச பிறகு ஒரே ஒரு புள்ளடி. உங்கட முறையில ஆர் ரெண்டு பேரா வருவினம் எண்டு முன்கூட்டியே ஊகிச்சுத்தான் 2, 3 எழுதவேணும், ஊகம் பிழைச்சால் அந்தச் சீட்டுப் போச்சு.

வேட்பாளர் தொகைக்கும் இஞ்ச ஒரு கட்டுப்பாடு இருக்குது. 500 மக்கள் பிரதிநிதிகளின்ர கையெழுத்து வேணும், மேயர்மாரும் அதுக்குள்ள அடக்கம், அதுவும் குறைஞ்சது 30 மாவட்டத்தில இருந்து. இலங்கையில கட்சி எண்டால் 50 ஆயிரம், சுயேச்சை எண்டால் எம்பியா இருக்கிற, இல்லாட்டி முந்தி இருந்த ஆள் 75 ஆயிரம் கட்டுப்பணம் கட்டினால் சரி. அந்தக் காசு கனகாலமா ஏறேல்லை, அதனாலதான் 38 பேர்.

குறையும் சொல்லவேணும். 2002ல இடதுசாரிப் பக்கம் கனபேர் கேட்டு வோட்டுச் சிதறி, பிரதமரா இருந்த ஜொஸ்பன் மூண்டாவதாப் போய், இனவாதம் கதைச்ச லு பென் ரெண்டாஞ்சுற்றுக்கு வந்தார். இடதுசாரிச் சனம் வேற வழியில்லாமல் சிராக்குக்குப் போட்டது, அவருக்கு 82 வீதம் விழுந்தது. அந்தாள் மேல இருந்த விருப்பத்தில விழுந்த 82 இல்லை அது.

தீவான்:

சிவன் அண்ணை சொல்லுறதுதான் எங்களுக்கு வேணும். நான் 2024ல சங்குக்கு, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் ஐயாவின்ர சின்னத்துக்கு, போட்டவன், அதை மறைக்க எனக்கு ஒண்டும் இல்லை. யாழ் மாவட்டத்தில சஜித்துக்கு 121,177, அரியநேத்திரன் ஐயாவுக்கு 116,688. நாலாயிரத்துச் சொச்சம் தான் வித்தியாசம். ஆனா நாடு முழுக்கப் பாத்தால் 226,343, அது 1.70 வீதம். 1982லயும் இதுதான் நடந்தது. குமார் பொன்னம்பலம் யாழ் மாவட்டத்தில முதலாவதா வந்தவர், நாடு முழுக்க 2.67 வீதம்.

இப்ப இருக்கிற முறையில பொது வேட்பாளருக்குப் போட்டால் எங்கட வோட்டு ஒரு செய்தியாப் போய் நிக்குது. செய்தி முக்கியம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ரெண்டு சுற்று எண்டால் முதல் சுற்றில செய்தியைச் சொல்லலாம், பிறகு அந்த ரெண்டு கிழமைக்குள்ள "இவ்வளவு வோட்டு எங்களிட்ட இருக்குது, காணி விடுவிப்புக்கு என்ன சொல்லுறியள், காணாமல் ஆக்கப்பட்டவையின்ர விசயத்தில என்ன செய்வியள், எழுத்தில தாங்கோ" எண்டு ரெண்டு பேரிட்டயும் கேக்கலாம். தேர்தலுக்கு முதல் கேட்டால் ஒருத்தரும் காது குடுக்கமாட்டினம், கணக்குத் தெரிஞ்ச பிறகு கேட்டால் கேட்டுத்தான் ஆகோணும்.

கொக்குவில் வடலி:

தீவான் தம்பி, உங்கட நியாயம் விளங்குது, ஆனா எனக்குப் பயம் அந்த ரெண்டு கிழமையிலதான். இந்த நாட்டில, முதல் சுற்று முடிஞ்சு, தமிழ்ச் சனம் ஆரோட கதைக்குது எண்டு தெரிஞ்ச அடுத்த நாளே மற்றப் பக்கம் என்ன சொல்லி வோட்டுக் கேக்கும் எண்டு நினைக்கிறியள்? "நாட்டை விக்கிற ஒப்பந்தம்" எண்டு சுவரெல்லாம் ஒட்டுவினம். 2005ஐப் பாருங்கோ, 2019ஐப் பாருங்கோ. 2019ல யாழ்ப்பாணத்தில சஜித்துக்கு நூற்றுக்கு 84க்குக் கிட்ட விழுந்தது, தெற்கில அதுவே அவருக்கு எதிரான பிரச்சாரமாப் போச்சு. இப்ப இருக்கிற முறையில எல்லாம் ஒரே நாளில முடியுது. ஆர் ஆருக்கு 2 போட்டவை எண்டு பெட்டி திறக்குமட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. சிறுபான்மைச் சனத்துக்கு அது ஒரு பாதுகாப்பு எண்டு நான் நம்புறன்.

ஆனா ரெண்டு சுற்றால நன்மை இல்லையெண்டும் சொல்லேலாது. பக்கத்தில இருக்கிற மாலைதீவில 2008ல மௌமூன் அப்துல் கயூம் முதல் சுற்றில 40 வீதத்தோட முதலாவதா வந்தவர், முப்பது வருசம் பதவியில இருந்த மனுசன். நசீத் 25 வீதத்தோட ரெண்டாவது. ரெண்டாஞ்சுற்றில மற்றவை எல்லாரும் நசீத்துக்குப் பின்னால நிண்டு அவர் 54 வீதத்தோட வென்றார். எங்கட முறையை அங்க வைச்சு, சனமும் எங்கட சனம் மாதிரி 1 மட்டும் போட்டிருந்தால் கயூம் தான் திரும்ப வந்திருப்பார்.

கணக்கன்:

உள்ளுக்கை வரலாமோ. ரெண்டு விசயம் தெளிவாக்கோணும்.

ஒண்டு, வடலி அண்ணை முப்பது லட்சம் எண்டு சொல்லுறது முழுக்க 2, 3 போடாத சீட்டு இல்லை. 2, 3 போட்டும் அது ரெண்டும் வெளியால போன வேட்பாளருக்கே போயிருந்தால் அதுவும் அந்தக் கட்டுக்குள்ளதான். ரணிலுக்கு 1, நாமலுக்கு 2, திலித்துக்கு 3 எண்டு போட்ட ஆளின்ர சீட்டுக்கு அதுதான் நடந்தது. அதோட எங்கட சட்டம் மூண்டுக்கு மேல எழுத விடாது. 38 பேர் கேக்கிற இடத்தில மூண்டு பேரைத் தான் சொல்லலாம் எண்டால் கடைசி ரெண்டு பேரும் அந்த மூண்டுக்குள்ள இருக்கவேணும் எண்டு என்ன உத்தரவாதம்?

அடுத்தது அயர்லாந்து. அங்கயும் 1, 2, 3 தான், ஆனா எத்தினை பேருக்கும் எழுதலாம், ஒரேயடியா எல்லாரையும் வெளியால விடாமல் கடைசியில நிக்கிற ஆளை முதல் எடுத்து அவரின்ர சீட்டைப் பிரிச்சுக் குடுத்து, பேந்து அடுத்த ஆள் எண்டு படிப்படியாப் போவினம். 1990ல பிரையன் லெனிஹன் 44 வீதத்தோட முதலாவது, மேரி ரொபின்சன் 39 வீதத்தோட ரெண்டாவது, மூண்டாவது ஆளுக்கு 17 வீதம். அந்த மூண்டாவது ஆளின்ர சீட்டைப் பிரிச்சுப் பாத்தவுடனை ரொபின்சன் கிட்டத்தட்ட 52 வீதத்தோட வென்றா. அயர்லாந்தின்ர முதல் பெண் ஜனாதிபதி அப்பிடித்தான் வந்தவ. ரெண்டாவது விருப்பு எண்டது வெறும் அலங்காரம் இல்லை எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனா ஒண்டு. அயர்லாந்து முறையை அப்பிடியே 2024க்குப் போட்டுப் பாத்தாலும் கடைசி ரெண்டு பேரும் அநுரவும் சஜித்தும் தான், ரணில் 17 வீதத்தோட அவையைத் தாண்டியிருக்க வழியில்லை. அதனால எண்ணிற முறையை மாத்தினால் மட்டும் காணாது. சனம் இலக்கம் எழுதோணும். சனம் எழுதாட்டி எந்த முறையும் ஒண்டுதான்.

நாவற்குழிப் பெடியன்:

அப்ப 2 கட்டாயம் எண்டு சட்டம் போடலாமே? 2 எழுதாத சீட்டுச் செல்லாது எண்டு. அவுஸ்திரேலியாவில பாராளுமன்றத்துக்கு எல்லாப் பெட்டிக்கும் இலக்கம் எழுதத்தான் வேணும் எண்டு சித்தப்பா சொன்னவர்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

ஐயோ வேண்டாம் தம்பி. 2024ல சும்மாவே மூண்டு லட்சம் சீட்டு நிராகரிச்சது. கட்டாயம் எண்டு வைச்சால் அது எங்க போய் நிக்கும்? ஆரின்ர சீட்டு முதல்ல பழுதாப் போகும் எண்டு யோசியுங்கோ. கண் மங்கின ஆக்களின்ர, எழுதப் படிக்கத் தெரியாத ஆக்களின்ர, தோட்டத்தில வேலை செய்யிற சனத்தின்ர. இப்ப ஒரு புள்ளடி போட்டாலும் அதை 1 எண்டு எடுப்பினம், அந்த இரக்கத்தைச் சட்டத்தில இருந்து எடுக்கக்கூடாது.

தீவான்:

கட்டாயம் எண்டதுக்கு நானும் எதிர், ஆனா வேற காரணம். நான் சங்குக்கு 1 போட்டுட்டு 2, 3 வேணுமெண்டுதான் விட்டனான். தெரியாமல் விட்டதில்லை. ரெண்டு பேரும் எங்களுக்கு ஒண்டும் எழுத்தில தரேல்லை, பிறகேன் நான் அவைக்கு என்ர பேரால ஒரு இலக்கம் எழுதவேணும்? நீங்கள் முப்பது லட்சம் வோட்டு வீணாப் போச்சு எண்டு சொல்லுறியள், அதில என்ர வோட்டும் கிடக்குது, அது வீணாப் போகேல்லை.

கொக்குவில் வடலி:

அந்த உரிமை உங்களுக்கு இருக்குது, அதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன கட்சியும் இருந்தது, அதுவும் ஒரு நிலைப்பாடு. ஆனா தெரிஞ்சு விடுறதுக்கும் தெரியாமல் விடுறதுக்கும் வித்தியாசம் இருக்குது. முப்பது லட்சத்தில உங்களை மாதிரி யோசிச்சு விட்டவை எத்தினை பேர், "புள்ளடி ஒண்டு போட்டால் காணும்" எண்டு கட்சிக்காரர் சொன்னதை நம்பி விட்டவை எத்தினை பேர்? எல்லாக் கட்சியும் அப்பிடித்தான் சொன்னது. தங்கட ஆள் முதல் எண்ணிக்கையிலயே வெல்லுவார் எண்டு காட்டத்தான் பாப்பினம், 2ஐப் பற்றிக் கதைச்சால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி எண்டு பயம்.

2005ஐ எடுங்கோ. மகிந்தவுக்கு 50.29 வீதம். பாதியை விட 28 ஆயிரத்துச் சொச்சம் தான் கூட. யாழ் மாவட்டத்தில வோட்டுப் போட்ட சனமே 1.21 வீதம் தான். ஏன் அப்பிடி நடந்தது எண்ட கதையைத் திரும்பக் கிளற நான் வரேல்லை, அதில எல்லாருக்கும் காயம் இருக்குது. இந்த முறையில ஒரு மாவட்டத்தின்ர வோட்டு முழு நாட்டின்ர முடிவையும் மாத்தக்கூடிய எல்லைக்குள்ள நிண்டிருக்குது எண்டதைத்தான் சொல்லுறன். 28 ஆயிரம் எண்டது எங்கட ரெண்டு பிரதேச செயலகப் பிரிவின்ர வோட்டுக் கூட வராது.

சட்டம் படிக்கிறவள்:

எல்லாரும் எழுதினதை வாசிச்சன், ஒருத்தரும் தொடாத ஒண்டு இருக்குது. நாடு முழுக்கப் பரந்த ஆதரவு வேணும் எண்டு நிபந்தனை போடுற முறை. இந்தோனேசியாவில பாதிக்கு மேல எடுத்தால் மட்டும் காணாது, பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில குறைஞ்சது 20 வீதமாவது எடுத்திருக்கோணும். நைஜீரியாவில மூண்டில ரெண்டு பங்கு மாநிலத்தில 25 வீதம். பல இனம் பல மதம் இருக்கிற நாடு, ஒரு பக்கத்து ஆதரவோட மட்டும் ஒருத்தர் வந்திடக்கூடாது எண்டதுதான் நோக்கம்.

கேக்க ஆசையா இருக்குது. எங்கட வகுப்பிலயும் கனபேர் இதைத்தான் சொன்னவை. ஆனா இலங்கைக்குப் போட்டுப் பாத்தால் சரிவராது. எங்களுக்கு 9 மாகாணம், தமிழ் பேசிற சனம் கூட இருக்கிறது ரெண்டில. பாதி மாகாணம் எண்டாலும் மூண்டில ரெண்டு பங்கு எண்டாலும் வடக்கையும் கிழக்கையும் தொடாமலே அந்த நிபந்தனையைத் தாண்டலாம், 2019ல வென்ற கோட்டாபயவே மிச்ச 7 மாகாணத்திலயும் சுகமாத் தாண்டியிருப்பார். 9லயும் வேணும் எண்டால் எங்களுக்கு ஒரு வீற்றோ, முடிவைத் தடுக்கிற அதிகாரம், கிடைச்ச மாதிரி, தெற்கில ஒருத்தரும் அதுக்குச் சம்மதிக்கமாட்டினம். சிவன் அண்ணை சொன்ன பிரான்ஸ் கையெழுத்து முறையிலயும் எனக்கு இதே பயம். "இத்தினை மாவட்டத்தில இருந்து கையெழுத்து வேணும்" எண்டு இஞ்ச கொண்டுவந்தால் முதல்ல வெளியால போறது பொது வேட்பாளர் தான்.

சட்டப் பக்கத்தைப் பாத்தால், இப்ப இருக்கிற முறை அரசியலமைப்பின்ர 94ஆம் உறுப்புரையில இருக்குது. மாத்திறதெண்டால் 150 எம்பிமார் வேணும். 2024 நவம்பரில அநுரவின்ர தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம், யாழ் மாவட்டத்தில 6ல 3 அவைக்குத்தான். தொகை இருக்குது. ஜனாதிபதி முறையை முழுசா ஒழிக்கிறதுக்கு சர்வஜன வாக்கெடுப்பும் வேணும் எண்டு நீதிமன்றம் சொல்லக்கூடும். ஆனா மூண்டு விருப்பை அஞ்சாவோ எல்லாருக்குமாவோ கூட்டிறதும், ஒவ்வொருத்தரா நீக்கி எண்ணிறதும் அவ்வளவு பெரிய போராட்டம் இல்லை எண்டு நான் நினைக்கிறன், ஆற்றையும் அதிகாரத்தையும் அது குறைக்காது.

லாச்சப்பல் சிவன்:

தங்கச்சி நல்லா விளக்கினீங்கள். கையெழுத்து விசயத்தில நான் சொன்னதை விடுறன், பொது வேட்பாளருக்குப் பாதகம் எண்டால் அது வேண்டாம். ஆனா 38 பேரைக் குறைக்க ஒரு வழி பாக்கத்தான் வேணும். பிரச்சாரமே செய்யாத சுயேச்சையள் பெரிய ஆக்களுக்கு வாக்கெண்ணுற இடத்தில முகவர் ஆள் சேர்க்கவும் ரீவியில நேரம் எடுக்கவும் தான் நிக்கினம் எண்டு ஒவ்வொரு தேர்தலிலயும் சனம் முறைப்படுது.

கணக்கன்:

கட்டுப்பணத்தைக் கூட்டலாம். இல்லாட்டி கையெழுத்தை மாவட்டக் கணக்கில்லாமல், பதிஞ்ச வாக்காளர் இத்தினை ஆயிரம் பேர், எந்த ஊரெண்டாலும் சரி, எண்டு வைக்கலாம். சங்குக்கு அது ஒரு கிழமை வேலை. பேர் மட்டும் குடுக்கிற ஆக்களுக்கு ஏலாது.

சீட்டில 10, 12 பேர் எண்டு வந்தால் இலக்கம் எழுதிறதும் சுகம்.

நாவற்குழிப் பெடியன்:

சரி, ஒழிக்குமட்டும் இது எண்டால் நானும் ஓம். ஆனா ஒழிக்கிற கதையை விடக்கூடாது. "முறையைத் திருத்தியாச்சு, இனி ஏன் ஒழிப்பான்" எண்டு சொல்லத் தொடங்குவினம், அரசியலமைப்பின்ர 19ஆம் திருத்தத்தில ஜனாதிபதியின்ர அதிகாரத்தைக் குறைச்சு 20ல திரும்பக் கூட்டின நாடு இது.

கொக்குவில் வடலி:

அதில நான் உங்களோடதான் தம்பி. ரெண்டையும் சேத்துக் கேப்பம்.

2024ல வோட்டு எண்ணின இரவு நான் யாழ் மத்திய கல்லூரிப் பக்கம் நிண்டனான், ஊரடங்குக்கு முதல். அடுத்த நாள்தான் ரெண்டாவது எண்ணிக்கை எண்டு அறிவிச்சவை. யாழ் மாவட்டத்தில சங்குக்கும் ரணிலுக்கும் விழுந்தது மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல, அவ்வளவு கட்டையும் திரும்ப அவிழ்க்கவேணும். உள்ளுக்கை முகவரா இருந்த சொந்தக்காரப் பெடியன் பிறகு சொன்னவன், ஒவ்வொரு சீட்டா விரிச்சு மேலயிருந்து கீழ மட்டும் 2 இருக்குதோ எண்டு பாத்துப் பாத்து வைச்சவையாம், ஒரு புள்ளடி, ஒரு புள்ளடி, ஒரு புள்ளடி எண்டு அடுக்கு ஏறிக்கொண்டே போச்சாம், இலக்கம் எழுதின சீட்டு வந்தால் மேசையில இருந்த எல்லாரும் ஒருக்கா நிமிர்ந்து பாப்பினமாம். அவ்வளவு அருமை. அந்தக் கடமையில இருந்த அரச உத்தியோகத்தர் இரவிரவா நித்திரை இல்லாமல் செய்தவை, அவையில ஒரு குறையும் இல்லை. அந்த வேலைக்குப் பலன் வரோணும் எண்டால் நாங்கள் இஞ்ச ஊரில தொடங்கோணும்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

நான் ஒண்டு செய்து பாத்தனான், சொல்லுறன். எங்கட பக்கத்துச் சனசமூக நிலையத்தில வாசிப்பு வட்டத்துக்கு வாற பிள்ளையளுக்கு, வருசக் கடைசிச் சுற்றுலாவுக்கு எங்க போறது எண்டு சீட்டுக் குடுத்து 1, 2, 3 எழுதச் சொன்னனான். கசூரினா, நயினாதீவு, கீரிமலை, மன்னார், திருகோணமலை. முதல் எண்ணிக்கையில கசூரினா முன்னுக்கு, ஆனா பாதி இல்லை. கடைசியில நிண்டதை எடுத்துப் பிரிச்சு, அடுத்ததை எடுத்துப் பிரிச்சு, எல்லாம் பிள்ளையளுக்கு முன்னால மேசையிலயே. முடிவில திருகோணமலை வென்றது. மன்னாருக்குப் போட்ட பிள்ளை ஒண்டு "அப்ப என்ர 2 தான் திருகோணமலையை வெல்ல வைச்சதோ ரீச்சர்" எண்டு கேட்டுது. பத்து வயசு. மேடை போட்டு விளக்கினாலும் இவ்வளவு கெதியா விளங்கியிராது.

இதைப் பெரிய ஆக்களுக்குச் செய்யலாம் எல்லே? தேர்தல் வாறதுக்கு ஒரு மாதம் முதல் செய்தால் கட்சிக்காரர் சந்தேகப்படுவினம், இப்ப செய்தால் ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை.

தீவான்:

ரீச்சர், எங்கட பக்கத்துக்கும் வாங்கோ. ஊர்காவற்றுறையில ஒரு மண்டபம் எடுத்துத் தாறன். நான் 2 போடுவனோ தெரியாது, அது அந்த நேரம் ஆர் என்ன சொல்லினம் எண்டதைப் பொறுத்தது. ஆனா சனத்துக்குத் தெரிஞ்சிருக்கோணும், அதுக்கு நான் மறுப்பில்லை.

சட்டம் படிக்கிறவள்:

நானும் வாறன் ரீச்சர். சீட்டு மாதிரி ஒண்டு அடிச்சுக் கொண்டுவாறன், உண்மையான சின்னங்கள் ஒண்டும் போடாமல், மரங்கள், பழங்கள் எண்டு. ரெண்டு பக்கமும் பாவிக்கலாம், ஒரு பக்கம் இப்ப இருக்கிற முறை, மற்றப் பக்கம் எத்தினை பேருக்கும் எழுதக்கூடியது. ரெண்டையும் எண்ணிக் காட்டினால் வித்தியாசம் தெரியும். 94ஆம் உறுப்புரைக்கு என்ன திருத்தம் கேக்கவேணும் எண்டதையும் ஒரு பக்கத்தில தமிழில எழுதிறன், சரியோ பிழையோ எண்டு எல்லாரும் பாத்துச் சொல்லுங்கோ, பிறகு எம்பிமாருக்கு அனுப்புவம். மூண்டு பேர் அரசாங்கப் பக்கம் இருக்கினம், அவையளிட்ட நேரயே குடுக்கலாம்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

எழுத்தைப் பெரிசாப் போடுங்கோ பிள்ளை. பேருக்கும் பெட்டிக்கும் இடையில ஒரு கோடு கீறி விடுங்கோ, வயசு போனவை பக்கத்துப் பெட்டியில எழுதிப்போடுவினம்.